யார் வயலில் உப்பு

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள்? பஸ் ஏறி வந்து வரப்பில் நின்று பார்க்கப் போகிறீர்களா? எதையும் விடாமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற இந்த அரிப்பு உங்களுக்கு எங்கிருந்து வந்தது? நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். தெரியாமல் இருப்பதில் உள்ள சுகம் எனக்குத் தெரியும். திருவிடைமருதூருக்குக் கிழக்கே, ஒரு வாய்க்காலின் கடைமடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தோண்டினால் காபி கிடைக்காது.

என் மகனின் மகள் தஞ்சாவூரில் பி.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருடப் பரீட்சை முடித்துவிட்டு லீவுக்கு வந்தவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்றாள். கோடை லீவில் கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் ஒப்படைத்து, நிஜமான ஆராய்ச்சியில் கைவைக்க விடுவார்களாம். தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. லீவு விட்ட பிறகும் படிக்கப் போகிறவர்கள் உலகத்தில் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"லேப்னா ரத்தம் எடுப்பாங்களே, அதா?"

"இல்ல அப்பாயி. இது மண்ணைச் சோதிக்கிற லேப்."

"மண்ணுக்கு என்ன, சர்க்கரையா?"

"உப்பு எவ்வளவு இருக்குன்னு பாப்பாங்க."

"அப்ப பிரஷர்னு சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. வளைகுடாவில் இருக்கும் அவளுடைய அப்பனிடம் அப்போதுதான் பேசி முடித்திருந்தாள். அடுத்த வருடம் பட்டம் வாங்கியதும் கல்யாணம் என்பது அவன் முடிவு. மேலே படிக்க வேண்டும் என்று அழுது, கெஞ்சி, கடைசியில் ஒரு வார்த்தை வாங்கியிருந்தாள். லேபில் உள்ள அந்த விஞ்ஞானி அம்மா, 'இந்தப் பெண் மேலே படிக்கத் தகுந்தவள்' என்று தன் வாயால் அவனிடம் சொன்னால் படிக்கலாம். சொல்லாவிட்டால் தாலி. அந்த இரண்டு மாத வேலையில்தான் அவள் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பது இருந்தது.

நான்தான் கூடப் போய் விட்டுவிட்டு வந்தேன். பெரிய கூடம். தட்டுத் தட்டாக மண்ணைப் பரப்பி, நாம் வற்றல் காயவைப்பதுபோலக் காயவைத்திருந்தார்கள். கண்ணாடிக் குடுவைகளை ஒரு இயந்திரம் விடாமல் குலுக்கிக்கொண்டிருந்தது. தொட்டிலாட்ட ஆள் வைக்காமலே காரியம் நடக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த விஞ்ஞானி அம்மா என்னிடம் நிதானமாகச் சொன்னார்:

"இங்க வர்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கேள்விம்மா. உங்க பேத்தி கேள்வியைத் தானே கொண்டுவந்துட்டா. கடைமடை வயல்ல உப்பு எந்த ஆழம் வரைக்கும் ஏறியிருக்குன்னு. மண்ணு மட்டும் உங்க ஊர்லேர்ந்து வரணும். அணை திறக்குறதுக்குள்ள எடுத்துடணும். தண்ணி பாஞ்சிட்டா உப்பு கரைஞ்சு இடம் மாறிடும்."

மண்தானே, அதற்கு எங்கள் ஊரில் பஞ்சமா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஞ்சம் மண்ணுக்கு இல்லை. அதற்கு முந்தின வருடம் ஒரு கம்பெனி, பூமிக்கடியில் எரிவாயு இருக்கிறது என்று எங்கள் பக்கம் குழாயோடு வந்தது. முதலில் இரண்டு பேர் ஒரு பையில் மண் எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினோம். அடுத்த மாதம் லாரி வந்தது. அப்புறம்தான் ரோட்டோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். ஆளுங்கட்சிக்காரர்கள் வந்தார்கள். ஆட்சியில் இருந்து இறங்கியவர்களும் வந்தார்கள். இருவருமே தமிழனின் மண் என்று பேசினார்கள், இருவருமே என் வீட்டு மோரைக் குடித்தார்கள். லாரி மட்டும் திரும்பிப் போகவில்லை. கடைசியில் நான் போய் அதன் முன்னால் படுத்தேன். டிரைவர் இறங்கி வந்து, "எந்திரிங்க பாட்டி" என்று கெஞ்சினான். இடுப்பு பிடித்துக்கொண்டது, தூக்கிவிட ஆள் கூப்பிடு என்றேன். அவன் போய்க் கூட்டிவருவதற்குள் ஊரே வந்து படுத்துவிட்டது. லாரி வந்த வழியே திரும்பிப் போனது. அன்றைக்கு எடுத்த முடிவு இது: எவர் வந்து கேட்டாலும் எங்கள் ஊர் வயலில் பிடி மண் எடுக்க விடக்கூடாது.

வைகாசியில் பேத்தி வந்தாள். கையில் ஒரு இரும்புக் குழாய், குறுக்கே பிடி. திருகத் திருக மண்ணுக்குள் இறங்கும். ஆழத்துக்கு ஒரு பை என்று தனித்தனியாக எடுக்க வேண்டுமாம். சொந்த வயல்தானே என்று யாரிடமும் சொல்லாமல் உச்சி வெயிலில் போனாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லாரியையும் குழாயையும் பார்த்த கண்ணுக்கு, வயல் நடுவே குழாயைத் திருகும் ஓர் உருவம் எப்படித் தெரியும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. நடுவில் என் கொழுந்தன் மகன். பந்தலுக்கு முதல் கால் ஊன்றியவன் அவன்தான். எங்கள் வயலுக்கு அடுத்த வயலைக் குத்தகைக்கு ஓட்டுகிறவன். அதன் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். கம்பெனி வந்தபோதே விற்றுவிடத் துடித்தவர்.

"எங்க வயல்லதானே சித்தப்பா எடுத்தேன்" என்றாள் பேத்தி.

"உன் வயலுக்கு அடியில தனியா வேலி போட்டிருக்கா பாப்பா?"

அவன் கத்தவில்லை. பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எடுத்த குழியிலேயே கொட்டிக் காலால் மிதித்தான். பையை மடித்து அவள் கையிலேயே கொடுத்தான். அவள் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

விடிந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். மாரியம்மனுக்கு முளைப்பாரி போடும் நாள் அது. முளைப்பாரிக்கு மண் எடுக்கிறவளை எந்த ஊர்க் கட்டுப்பாடும் தடுக்காது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழியில் கொழுந்தன் மகனிடமே வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு, அவள் துளைத்த அதே இடத்தில் அள்ளி வந்தேன். கல் பொறுக்கி, நன்றாகப் புடைத்து, பழக்கதோஷத்தில் சாணத்தூளும் கலந்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதுல எது மேல் மண்ணு, எது அடி மண்ணு அப்பாயி?"

"எல்லாம் நம்ம மண்ணுதான்."

"இதைச் சோதிச்சா சாணம் எவ்வளவு இருக்குன்னுதான் சொல்ல முடியும்."

கூடையை என் பக்கமே தள்ளிவிட்டு, "திருட்டுத்தனமா எடுத்த மண்ணுல வர்ற பதிலை நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?" என்றாள். அந்தக் கூடை மண்ணில் அந்த வருடம் முளைப்பாரி செழிக்கவில்லை. கொஞ்சம் உப்பு இருந்தாலும் பிஞ்சு முளைக்கு ஆகாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் கோயில் வேம்படியில் ஊர் உட்கார்ந்திருந்தபோது அவளே எழுந்து கேட்டாள். பயத்தில் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். மண்ணைத் தண்ணீரில் கலக்கி, ஒரு கம்பியை விட்டால் உப்பு எவ்வளவு என்று கருவி காட்டும், அவ்வளவுதான் வேலை என்றாள்.

"உப்பு இருக்குன்னு காட்டினா?" என்று கொழுந்தன் மகன் கேட்டான்.

"இருக்குன்னு எழுதுவேன் சித்தப்பா."

பக்கத்தில் இருந்த நான் அவள் காலைக் கிள்ளினேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"நீ எழுதுவே. வெளையாத நிலந்தானே, குடுத்துட்டுப் போங்கன்னு கம்பெனிக்காரன் அதையே எடுத்துக்கிட்டு வருவான். நாங்க வெயில்ல உக்காந்தது எதுக்கு?"

"எழுதலைன்னா உப்பு போயிடுமா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஊர் பேரு போட மாட்டேன். யார் வயல்னும் போட மாட்டேன். என்ன வந்தாலும் வயல்காரங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் அங்க சொல்லுவேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. நான் திரும்பிப் போய் முடியலைன்னு சொல்லிக்கிறேன்."

முடியவில்லை என்று சொன்னால் அவளுக்கு என்ன ஆகும் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

கொழுந்தன் மகன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ரெண்டு வருஷமா என் நாத்தங்கால் வடக்கு மூலையில பொசுங்குது. வெதை சரியில்லைன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறேன். வெதை நல்ல வெதைதான்." துண்டை உதறித் தோளில் போட்டான். "என் வயல்லயும் எடு."

தெற்குத் தெருவிலிருந்து ஒருவர் எழுந்தார். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிலிருந்து பிரித்துக் கொடுத்த நிலம் அவருடையது. "எங்கப்பன் கொடி புடிச்சு, அடிபட்டு வாங்குன மண்ணு. உள்ள என்ன இருக்குன்னு நானும் பாக்கணும்ல. என்துலயும் எடும்மா."

மறுநாள் குழாயைத் திருகியது கொழுந்தன் மகன்தான். தன் வயலில் திருகும்போது மட்டும் இடையில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி திருகினான். மண் இறுகிக் கிடந்தது என்றான்.

ஆடி பிறந்தது. அணை திறந்தும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. பேத்தி வந்தாள். என் வீட்டு உள்கூடத்தில் வயல்காரர்களை மட்டும் உட்கார வைத்துச் சொன்னாள். எங்கள் வயலிலும் தெற்குத் தெருக்காரர் வயலிலும் உப்பு இருந்தது, கவலைப்படும் அளவுக்கு இல்லை. கொழுந்தன் மகன் ஓட்டிய வயலில் முழங்கால் ஆழத்திலேயே நிறைய இருந்தது. ஊர் பெயர் தெரியாத உங்களிடம் இதைச் சொல்வதில் எனக்குப் பயமில்லை. சென்னைச் சொந்தக்காரர் காதுக்குப் போயிருந்தால் அந்த மாதமே நிலம் கைமாறியிருக்கும். அவன் பிழைப்பும் அதோடு போயிருக்கும்.

"மேல ஏறுமா பாப்பா?"

"நல்ல தண்ணி மேலேர்ந்து அழுத்தினா எறங்கும் சித்தப்பா."

"தண்ணி வந்தா."

"வந்தா."

அவன் செம்புத் தண்ணீரை வாங்கி முழுதும் குடித்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனான். அன்று சாயங்காலம்வரை, தண்ணீர் வராத வாய்க்காலைத் தனியாகத் தூர்வாரிக்கொண்டிருந்தான்.

சென்னையில் அவள் தன் வேலையைப் படம் போட்டுக் காட்டியபோது, வயல்களுக்குப் பெயர் இல்லை, அ, ஆ, இ என்றுதான் இருந்ததாம். எந்த ஊர் என்று அந்த விஞ்ஞானி அம்மா கேட்டார். வாக்குக் கொடுத்திருக்கிறேன், சொல்ல மாட்டேன் என்றாளாம். அந்த அம்மா படத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, "ஊரை மறைச்சுக்கோ. ஆழத்தை மட்டும் மாத்திடாதே" என்றாராம். அன்றைக்கே என் மகனோடு போனில் பேசினார். என்ன பேசினாரோ, அவன் கல்யாணப் பேச்சை நிறுத்தினான். பேத்தி இன்னும் எங்கேயோ குடுவையைக் குலுக்கிக்கொண்டிருக்கிறாள்.

ஊருக்கு வாய் சும்மா இருக்குமா? குழாயடியில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒருத்தியின் புருஷன்தான் சென்னைச் சொந்தக்காரருக்கு நிலத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள்.

"ஏன் அத்தை, யாரு வயல்லதான் அவ்வளவு உப்பாம்?" என்று அவளே கேட்டாள்.

நான் குடத்தை இறக்கி வைத்தேன். என் வீட்டுக்காரர் செத்துப் பல வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை அந்த வயலைத் தவிர அவர் நின்ற இடம் வேறு கிடையாது.

"என் வயல்லதான்டி" என்றேன். "அந்த மனுஷன் ஆயுசு பூரா அங்கேயே நின்னு வேர்த்தாரு. அத்தனையும் கீழ எறங்கிக் கெடக்கு."