கன்னியப்பன் உடைத்த தேங்காய்

மண்ணூர்பேட்டையில் கன்னியப்பனைவிட நல்ல வெல்டர் இருக்கலாம். அவனைவிடப் பயந்தாங்கொள்ளி கிடையாது. அவன் வேலை செய்த பட்டறையில் கிரேன் ஓட்டியவன் நான், சொல்கிறேன். வரும்போது பூனை குறுக்கே போய்விட்டால், உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வேலையில் கை வைப்பான்.

ஐம்பதைத் தாண்டிய ஆள். பக்கத்துப் பாடியில் அவன் இருந்த பழைய கம்பெனி மூடியபோது வேலையில்லாமல் நாயாய் அலைந்தான். கடைசியில் எங்கள் முதலாளி ஜம்புலிங்கம்தான் சேர்த்துக்கொண்டார். இந்தப் பட்டறையும் போனால் இந்த வயதில் யார் கூப்பிடுவார்கள்? அந்தப் பயம் அவனைத் தின்றுகொண்டே இருந்தது.

அப்போதுதான் ஒரு பெரிய கட்டடத்துக்கான ராட்சசத் தூண்கள் துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் வந்தன. ஹெச் எழுத்து மாதிரி மில்லில் உருட்டி எடுத்த இரும்பு. ஓரப் பலகை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலக் கனம். இரண்டு துண்டைச் சேர்த்து வெல்டிங் செய்து ஒரு தூணாக்கவேண்டும். இவ்வளவு கனத்தைக் கேஸ் பர்னர் வைத்துச் சூடாக்கித்தான் ஒட்டமுடியும். ஒட்டியபின் சூடு தாங்கும் போர்வையைப் போர்த்தி மெதுவாக ஆறவிடவேண்டும். சட்டென்று குளிர்ந்தால் உள்ளுக்குள்ளே விரிசல் விட்டுவிடும். பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்கிற மாதிரிப் பார்க்கவேண்டிய வேலை.

முதல் தூண், பாதி வெல்டிங்கில் கரண்ட் போய் விரிசல் விட்டது. இரண்டாவது, கேஸ் தீர்ந்துபோய். கட்டடக்காரர்களின் இன்ஜினியர் ரோஹித் சத்தம்கூடப் போடவில்லை. மூன்றாவதிலும் விரிசல் விட்டால் மொத்த இரும்பையும் வேறு பட்டறைக்கு ஏற்றிவிடுவோம் என்றான். ஏற்றினால் எங்கள் பட்டறைக்குப் பூட்டுதான். அது எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவதைக் கன்னியப்பனும் தினகரனும் ஆளுக்கொரு பக்கமாகச் செய்தார்கள். தினகரன் போன வருஷம் சேர்ந்தவன், கை சுத்தம். ஒரு கோளாறும் இல்லை. போர்த்திவிட்டுச் சாப்பிடப் போனோம். கன்னியப்பன் மட்டும் பசியில்லை என்று அங்கேயே நின்றுவிட்டான்.

தூண் ஆறியபின் அல்ட்ராசோனிக் டெஸ்ட் எடுக்க வந்தவர் வெகுநேரம் தலையை நிமிர்த்தவே இல்லை. நடுப்பலகையில், வெல்டிங்கை ஒட்டி விரிசல். அது தினகரன் செய்த பக்கம். ஜம்புலிங்கம் அவனைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார், நாளையிலிருந்து வராதே என்றுவிட்டார்.

அப்போது கன்னியப்பன் முன்னே வந்தான்.

"அவன் இல்ல மொதலாளி. நாந்தான். கண்ணு பட்டுட்சோன்னு பயந்துகினு தூணோட அந்தக் கோடில ஒரு தேங்கா ஒடச்சேன். வெல்டிங்லேர்ந்து தூரமாத்தான் ஒடச்சேன்."

தூரந்தான், பாவி! ஆனால் தூண் படுத்துக் கிடந்தது. ஹெச்சை அப்படிக் கிடத்தினால் நடுப்பலகை தரை, இரண்டு ஓரமும் கரை, வாய்க்கால்தானே அது? தேங்காய்த் தண்ணீர், அதோடு சுற்றிக் கொட்டிய ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர், எல்லாம் வாட்டத்தில் ஓடிப் போர்வைக்கு அடியில் புகுந்திருக்கிறது. கூரை ஒழுகினால் பதறிப்போய்த் தார்ப்பாய் கட்டுகிற மனுஷன் இவன். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் கிரேனிலிருந்து இறங்கினேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கிரேன் பக்கமே திரும்பிவிட்டேன்.

முதலாளி அடித்துவிடுவார் என்று நினைத்தோம். அவர் அந்தத் தூண் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஊட்லகூட சொல்லிகினே இருந்தாங்கடா, ஒரு காய் ஒடச்சிடுன்னு," என்றார். "நானா இருந்தாலும் அங்கதான் ஒடச்சிருப்பேன்."

தினகரனை நாளைக்கு வரச் சொன்னார். வந்து செய்ய என்ன வேலை இருந்தது?

மறுநாள் காலையில் டிரெய்லர்கள் வாசலில் நின்றன. எங்கள் சோற்றை நாங்களே ஏற்றிக் கொடுத்தோம். நான் மேலே கிரேனில். கீழே ஒவ்வொரு தூணுக்கும் சங்கிலி மாட்டி, இழுத்துப் பார்த்து, தூக்கு என்று எனக்குக் கை காட்டியவன் கன்னியப்பன்.