நூலகப் புத்தகத்தில் ஒரு பிள்ளையார் சுழி

துப்பறியும் நாவல் என்றால் எனக்குச் சின்ன ஊராக இருக்கவேண்டும். ஒரு தேத்தண்ணிக் கடை, வம்பளக்கும் கிழவி ஒருத்தி, யாருக்கும் பிடிக்காத ஒரு மனிதர். அந்த மனிதர் செத்துப்போவார். உடனே ஊரே வேலைவெட்டியை விட்டுவிட்டு, யார் செய்தது என்று கிளம்பிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த எனக்கு அதுவே அதிசயம். எங்கள் பக்கத்தில் செத்தவர்களைப் பற்றி அப்படி யாரும் விசாரித்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் நானும் என் மனுசனும் பாபடோயிட்டோ என்கிற தூரதேசத்து ஊரில் இருந்தோம். விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு மோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை எனக்கு. யாரோ கட்டிலடியில் விட்டுப்போன புத்தகத்தில் தொடங்கிய பைத்தியம் அது. பிறகு சனிக்கிழமைகளில் நூலகத்தில் அள்ளத் தொடங்கினேன். "கொலைப் புத்தகம் வீட்டுக்குள்ள என்னத்துக்கு? உமக்கு விசரே?" என்று இவர் ஒருமுறை பாய்ந்தார். அன்றிலிருந்து புத்தகங்கள் மோட்டல் அலுமாரியில்தான் இருந்தன. நான் வாசிப்பதை விட்டுவிட்டேன் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் ஒரு நாவலின் முதல் பக்க மூலையில், பென்சிலால், கடுகு போல ஒரு 'உ'. பிள்ளையார் சுழி! வாசித்த புத்தகத்தைத் திரும்ப எடுக்காமலிருக்க இங்கத்தைக் கிழவிகள் மூலையில் ஏதாவது அடையாளம் போடுவார்கள், அது தெரியும். ஆனால் பிள்ளையார் சுழி போடுகிற வெள்ளைக்காரி எங்கே இருக்கிறாள்? அடுத்த புத்தகத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

அந்த ஊரில் எங்களைத் தவிர வேறு தமிழரை எனக்குத் தெரியாது. தமிழ் கதைக்க இவர் ஒருவர்தான். இவரும் சில மாதங்களாகக் கதையைக் குறைத்திருந்தார். தளபாடத் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றுவிட்டது, அந்தக் கவலை என்றார். நானும் நம்பிவிட்டேன், மண்டு. சுழி போட்டவளை மனதுக்குள் வளர்த்துக்கொண்டேன். ஓய்வுபெற்ற டீச்சராக இருக்கும், கண்ணாடி போட்டிருப்பாள், நன்றாகச் சிரிப்பாள். கண்டால் முதலில் கேட்க வேண்டியதைக் கட்டில் விரிக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்: "நீங்கள் எவடம்?"

நூலகப் பெண்ணிடம் விசாரித்தேன். யார் எதை எடுக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன் என்று சிரித்தாள். பிறகு இரக்கப்பட்டு, உங்கள் நாட்டு ஆள் ஒன்று வார நாளில் வருவதுண்டு, ஹீட்டருக்குப் பக்கத்து மூலையில் பாருங்கள் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மோட்டலில் ஆட்கள் குறைந்து எங்களை நேரத்தோடு அனுப்பிய ஒரு செவ்வாய்க்கிழமை, தலையை வாரிக்கொண்டு ஓடினேன்.

மூலையில் ஒரு ஆணின் முதுகு. நான் முழங்கையில் தைத்துக்கொடுத்த சாம்பல் ஸ்வெட்டர். காதில் தச்சுவேலைப் பென்சில். காலடியில் காலையில் நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பை. மடியில் ஒரு கொலைப் புத்தகம்.

அடப் பாவி மனுசா! முதலில் ஆத்திரம்தான் வந்தது. பிறகு கண் கலங்கிவிட்டது. இவருடைய காற்சட்டையை உதறினால் மரத்தூள் கொட்டும். அது எப்போது நின்றது என்றுகூட நான் பார்க்கவில்லை. நான் ஒரு துப்பறிகிறவள்! சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பின்னேரம் வந்து கதிரையில் சாய்ந்தார். "இண்டைக்குச் சரியான வேலை."

நாவலென்றால் கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஒரு அறையில் கூட்டிவைத்து உண்மையை உடைப்பார்கள். எங்கள் அறையில் இரண்டு பேர்தான், அப்படியும் எனக்கு வாய் வரவில்லை. நான் உடைத்தால் இந்த மனுசனுக்கு நாளைக்குப் போய் இருக்க அந்த மூலையும் இல்லாமல் போய்விடும். "ஓம், முகத்தைக் கழுவிட்டு வாங்கோ" என்றேன்.

ஆனாலும் நெஞ்சு பொறுக்கவில்லை. எனக்குத் தெரியும், நீங்கள் ஒளிக்கவேண்டாம் என்று எப்படியாவது சொல்லவேண்டும். சனிக்கிழமை அந்த மூலைத் தட்டுக்குப் போய், இவருடைய சுழிகளுக்குக் கீழே, கிட்டக் கிட்ட, நானும் ஒவ்வொரு சுழி போட்டேன். அதே தட்டைக் கிளறுகிறவர் கட்டாயம் காண்பார். கண்டால் என்னிடம் வந்து அழட்டும், அல்லது ஏசட்டும் என்று காத்திருந்தேன்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். அவரை அப்படிப் பார்த்து எத்தனை மாதம்!

"இஞ்சரும், இந்த ஊரில வேற தமிழாக்கள் இருக்கினம் போல."

"ஆர் சொன்னது?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேலையில... ஆரோ கதைச்சவங்கள்."

அவரே தொடர்ந்தார்.

"எப்பிடியும் ஆளைக் கண்டுபிடிக்கோணும். கதைக்கிறதுக்கு ஒரு ஆள் கிடைச்சா எவ்வளவு நல்லம், என்ன?"

"ஓம்" என்றேன். பிறகு, சோறு போடட்டோ என்று கேட்டேன்.