பக்கீர் மைதீன் ஒட்டுக் கேட்ட கதை

பக்கீர் மைதீன் தன் ஆயுளில் ஒரே ஒரு நாவலைத்தான் அறிந்தார். அதையும் படிக்கவில்லை, ஒட்டுக் கேட்டார். அந்த நாவல்தான் அவர் குடியைக் கெடுத்தது என்று சைகோனில் எங்கள் ஆட்கள் இன்றும் சொல்வதுண்டு. கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடியைக் கெடுத்தது யுத்தம். ஒரு புத்தகத்தின் தலையில் பழியைக் கட்டுவது சோம்பேறிகளின் வேலை.

காரைக்காலிலிருந்து மீசை முளைக்கும் முன்பே கப்பலேறி வந்தவர் அவர். பெரிய சந்தைக்குப் பின்னால் ஜவுளிக்கடை வைத்திருந்தார். என் கடை அடுத்த கடை. வியட்நாமியப் பெண் ஒருத்தியைக் கலிமா சொல்லிக்கொடுத்து நிக்காஹ் செய்தார். அவள் நஸீம் பானுவையும் நத்தர்ஷாவையும் பெற்றுக்கொடுத்துவிட்டுக் காய்ச்சலில் மவுத்தாகிவிட்டாள். நல்ல மனிதர்தான். ஆனால் அரசாங்க ஆபீஸ் என்றால் போதும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்.

பிரெஞ்சுக்காரன் போன பிறகு வந்த புது அரசாங்கம், வெளிநாட்டார் ஜவுளி விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. எங்களில் பலர் வியட்நாமிய மனைவியின் பேருக்குக் கடையை மாற்றித் தப்பித்தோம். பக்கீர் மைதீனுக்கு மனைவி இல்லை. அதனால் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நத்தர்ஷாவை வியட்நாமியக் குடிமகனாகப் பதிந்து, அவனுக்கு ஒரு வியட்நாமியப் பெயரும் வைத்து, கடையை அவன் பேரில் எழுதினார். மகளை மட்டும் காரைக்கால்காரியாகவே வைத்திருந்தார். ஊரில் மாப்பிள்ளை பார்க்க வேண்டுமே! கடை தப்பிய சந்தோஷத்தில் விருந்து வைத்தார். என்ன கெட்டிக்காரத்தனம் என்று புகழ்ந்தபடியே நாங்கள் சாப்பிட்டோம்.

அறுபத்தெட்டில் தெத் என்னும் வியட்நாமியப் புத்தாண்டுப் பண்டிகையன்று நகருக்குள்ளேயே சண்டை வந்தது. அதன் பிறகு பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பது வெறியாகிவிட்டது. வெளிநாட்டுக் காகிதம் வைத்திருந்த எங்கள் வீட்டுப் பிள்ளைகளை யாரும் தொடவில்லை. நத்தர்ஷா குடிமகன். அழைப்பு வந்த அன்றே அவன் கடைக்கு மேலிருந்த பரணில் ஏறித் துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தான். அக்கம்பக்கத்தில் பையன் சீனர் பேட்டையான சோலோனில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொல்லி வைத்தார்கள். பிடிபட்டால் நேரே போர்முனைதான்.

வாலிபப் பிள்ளையை எத்தனை நாள் கூரைத் தகரத்துக்குக் கீழே வேக வைப்பது? அவன் பேச்சு குறைந்தது. சோறு அப்படியே திரும்பி வந்தது. பயந்துபோன நஸீம் பானு வாடகைப் புத்தகக் கடையிலிருந்து ஒரு பிரெஞ்சு நாவலை எடுத்து வந்தாள். அட்டை கிழிந்து, பேரும் போயிருந்தது. அவள் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். மத்தியானம் கடையடைத்ததும் பரணில் ஏறி, பிரெஞ்சில் படித்து, காரைக்கால் தமிழில் தம்பிக்குச் சொல்வாள்.

கதை ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் நடக்கிறது. இளம்பெண் ஒருத்தி கைவிடப்பட்ட சுரங்கத்தில் ஒரு லிஃப்டைக் கண்டுபிடிக்கிறாள். ஒரு தட்டு இறங்கினால் ஒரு வருஷம் பின்னால் போய்விடும். வண்டி வண்டியாய்ப் புளுகு. ஆனால் நத்தர்ஷா வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினான்.

“ராசா காலத்துல எறங்கி அந்தப் பொண்ணு டார்ச்சு அடிக்கிது. சிப்பாயெல்லாம் மண்டி போட்டு அழுவுறானுவோ” என்று நஸீம் பானு சொல்ல, “இன்னொரு தட்டு எறக்கு லாத்தா, ஒரே ஒரு தட்டு” என்று அவன் கெஞ்சுவான். ‘மெதுவாப் பேசுங்க’ என்று அதட்ட ஏணியடிக்குப் போன பக்கீர் மைதீன், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டு மேலே காது கொடுத்திருப்பார். ஒருநாள் தாங்காமல் அவரே கேட்டுவிட்டார்.

“ஏம்புள்ள, அது மேல வந்திருச்சா இல்லியா?”

“நீங்களும் கேட்டுக்கிட்டா இக்கிறீங்க வாப்பா?”

“கேட்டா என்னா? காது என்னுது.”

அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு வெகு காலமாகியிருந்தது. பிறகு நானும் டீக் கிளாஸோடு ஏணியடிக்குப் போய்விடுவேன். அந்தச் சில வாரங்கள் நாங்கள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தோம்.

ஒரு மத்தியானம், அந்தப் பெண் தன் தகப்பன் செத்துப்போன விபத்து நடந்த வருஷத்துக்கு இறங்கினாள். தீயை மூட்டிய விளக்கை முன்கூட்டியே அணைத்தாள். மேலே வந்தால் தகப்பன் மேசையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருக்கிறான். மகள் எதற்காக அழுகிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

“எனக்கு அந்த லிஃப்டு கெடச்சா, வாப்பா கையெழுத்துப் போட்ட அன்னைக்கி எறங்கி பேனாவத் தூக்கிட்டு ஓடியாந்துருவேன்” என்றான் நத்தர்ஷா. விளையாட்டாகத்தான் சொன்னான். கீழே பக்கீர் மைதீன் துணி மடிப்பதை நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அவர் யாரிடமும் சொல்லாமல் வார்டு ஆபீஸுக்குப் போனார். மகனைக் குடிமகனாகப் பதிந்தது தகப்பன் செய்த தப்பு, அதை ரத்து செய்து அவனை இந்தியனாக்கித் தர வேண்டும் என்று மனு கொடுத்தார். அங்கிருந்த குமாஸ்தா நாற்காலி போட்டு உட்கார வைத்தான். செய்துவிடலாம், ஆனால் பையனுக்கு வயது வந்துவிட்டதால் அவனும் கையெழுத்துப் போட வேண்டும், எங்கே இருக்கிறான் என்று மரியாதையாகக் கேட்டான்.

“வூட்லதான் இக்கிறான், இப்பவே கூட்டியாரேன்” என்றார் பக்கீர் மைதீன்.

அவர் வீடு வந்து சேர்வதற்குள் போலீஸ் லாரி வந்து நின்றுவிட்டது. பரணில் ஏற அவர்களுக்குச் சிரமம் வைக்காமல் நத்தர்ஷாவே இறங்கி வந்தான். விலங்கு மாட்டும்போது வாப்பாவைப் பார்த்து, “ஏன் வாப்பா?” என்று மட்டும் கேட்டான்.

“அந்தப் புள்ள வெளக்க அணச்சிச்சேம்மா...” என்று அவர் மகளிடம் சொல்லி, வாசலிலேயே குந்திவிட்டார்.

வருஷம் முடியும் முன்பே நத்தர்ஷா வடக்கே மலைப்பக்கம் செத்துப்போனான். சேதி வந்தபோது மையித்தையும் அடக்கிவிட்டிருந்தார்கள். நகருக்கு வெளியே இருந்த ராணுவ மயானத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். பெண்கள் கபுருஸ்தானுக்கு வரக் கூடாதே என்று நான் இழுத்ததற்கு, “அது நம்ம கபுருஸ்தான் இல்லியே மாமா” என்றாள் நஸீம் பானு. அங்கே நத்தர்ஷா என்று யாரும் இல்லை. அந்த வியட்நாமியப் பேரும், மதம் பௌத்தம் என்றும் பலகையில் எழுதியிருந்தது. ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள்.

பக்கீர் மைதீன் தலைமாட்டையும் கால்மாட்டையும் பார்த்தார். சூரியன் சாய்கிற திசையைப் பார்த்தார். பிறகு மயானத்துக் காவல்காரனிடம் போய், பிள்ளையை வலப்பக்கமாக ஒருக்களித்து, முகத்தை மட்டும் மக்கா இருக்கும் கிப்லா பக்கம், அந்த மேற்கே திருப்பி வைத்துத் தரும்படி கேட்டார். கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

அந்த ஆள் கெட்டவன் இல்லை. நீண்டு கிடந்த புதைமேடுகளைக் கையால் காட்டினான்.

“ஒருவனைத் திருப்பினால் வரிசை கெட்டுப்போகும், ஐயா.”

பக்கீர் மைதீன் திரும்பி வந்து முழங்காலிட்டு, இரண்டு கைகளாலும் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார். நான் அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் போனேன்.

“தொடாதீங்க மாமா” என்றாள் நஸீம் பானு. முக்காட்டை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மேட்டின் மறுபக்கம் உட்கார்ந்து அவளும் தோண்டினாள்.