பதினேழாம் எண் வீடு

தலைநகரம் என்பது நின்ற இடத்தில் நிற்காத ஜாதி. வீங்கிக்கொண்டே போகும். அது கால் நீட்டியபோதெல்லாம் உதை வாங்கியவர் என் பெரியப்பா. அப்பா போன பிறகு நான் வளர்ந்தது அவர் வீட்டில்தான்.

அவர் கொத்தனார். ஆற்றங்கரைச் சந்து ஒன்றில் பதினேழாம் எண் வீட்டில் பிறந்தவர். சந்துக்கு முன்னால் நாடாளுமன்றம் எழும்பியபோது அதன் சுற்றுச்சுவருக்குச் செங்கல் வைத்ததும் அவர்தான். கட்டி முடித்ததும், உள்ளே இருக்கும் பெரிய மனிதர்களுக்கு ஆறு தெரிய வேண்டும் என்று எங்கள் சந்து முழுவதையும் இடித்தார்கள். ஊர் எல்லையில், ரயில் பாதை ஓரம் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஊர் அங்கேயும் பின்னாலேயே வந்தது. மறுபடி மூட்டை முடிச்சு. மூன்றாவதாக, சுற்றுச்சாலையைத் தாண்டி, ஒரு ஏரியைத் தூர்த்து வரிசை வரிசையாகத் தீப்பெட்டி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். மழை பெய்தால் ஏரிக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும்.

எங்கள் சந்துக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே துரத்தினாலும் பழைய கதவு எண் தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்ப் புதுக் கதவில் அறைந்துவிடுவார்கள். அரசு கொடுக்கும் புது எண் பரண் மேல் கிடக்கும். தபால்காரரே பழகிப்போய்விட்டார். பெரியம்மா மட்டும் முனகுவார்.

"இருநூத்தி நாலுன்னு தகடு குடுத்திருக்காங்களே, அதையும் பக்கத்துல மாட்டினா என்ன?"

"அவன் குடுத்த நம்பர் அவன்கிட்டயே இருக்கட்டும். நான் பதினேழுக்காரன்," என்பார் பெரியப்பா.

வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. சொல்லப்போனால், எங்களுக்கு மிஞ்சியிருந்த சொத்தும் அந்த வீம்பு ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெரியம்மா மார்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. பெரியப்பாவின் மகனான அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டேன். பெரியப்பா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். குடியிருப்பின் பெயரைச் சொன்னார். வீட்டு எண் என்னவென்று கேட்டார்கள். யோசிக்கவே இல்லை, "பதினேழு" என்றார். ஓடி வந்து நின்ற அக்கம்பக்கத்தார் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை.

அரசுக் கணக்கில் பதினேழு என்பது குடியிருப்பின் மறுகோடி. அங்கே இருப்பவர்கள் நகரத்தின் வேறொரு மூலையிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்கள், எங்களைத் தெரியாது. ஆம்புலன்ஸ் அங்கேதான் போய் நின்றது. வீடு பூட்டிக் கிடந்தது. கதவைத் தட்டியிருக்கிறார்கள், தெருவெல்லாம் விசாரித்திருக்கிறார்கள். சைரன் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"இதோ வந்துட்டாங்க, கொஞ்சம் பொறுத்துக்கோ," என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தம் கிட்டே வரவே இல்லை.

டிரைவர் போன் செய்து, "வீடு பூட்டியிருக்குதுங்க," என்றபோதுதான் அவருக்கு உறைத்தது. இருநூற்று நான்கு என்று திருத்திச் சொன்னார். வண்டி வந்து சேர்ந்தபோது என் கையில் இருந்த பெரியம்மாவின் கை சில்லிட்டுப் போயிருந்தது.

டிரைவர் கதவைப் பார்த்தார். "இதைத்தான் சொன்னீங்களா, ஐயா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பெரியப்பாவுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

காரியம் முடிந்ததும் பெரியப்பா பரணிலிருந்த இருநூற்று நான்கு தகட்டை எடுத்துத் துரு போகத் தேய்த்து மாட்டினார். பதினேழை எங்கே போட்டார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு இன்றும் அந்தப் பதினேழின் மேல் கோபம் இல்லை, எங்களைப் பந்தாடிய ஊரின் மேல்தான் வயிறு எரிகிறது. பெரியப்பா மட்டும் தன்னைத் தவிர யாரையும் குறை சொன்னதில்லை.

போன வருடம் ரயில் பணிமனைக்கு இடம் வேண்டும் என்று மூன்றாவது முறையாகக் கிளப்பினார்கள். பெரியப்பா இருநூற்று நான்கைக் கழற்றிப் பெரியம்மாவின் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியை மூடினார்.

"அது எதுக்குப்பா?" என்றான் அண்ணன்.

"அவ கடைசியா இருந்த வீடுடா."

புது இடம் மலையடிவாரம். அங்கே அந்தத் தகட்டை அவர் வெளியே எடுக்கவில்லை. லாரியிலிருந்து ஒரு சாமான்கூட இறக்க விடாமல், அண்ணனையும் அண்ணியையும் என்னையும் அரசின் புது எண் தகடு அடித்திருந்த கதவுக்கு முன்னால் நிறுத்தினார். முதலில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்டு நம்பர் என்ன?"

"அறுபத்தொண்ணு, பெரியப்பா."

"இன்னொரு தடவை சொல்லு."