டல்லாஸ் விவசாயி

டல்லாஸ் தமிழர்களுக்கு லிங்கேஸ்வரனை ஏலக்காய் விவசாயி என்றுதான் தெரியும். அங்கே பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்பது வேறு விஷயம். விருந்துக்குப் போகிற வீட்டிலெல்லாம் ஒரு பொட்டலத்தை நீட்டி, எங்கள் தோட்டத்துக் காய் என்பானாம். வருஷந்தோறும் அந்தக் காயைப் பார்சலில் அனுப்பியவள் தங்கச்சி முத்துப்பிரியா. நான் அவனோடு போடியில் ஒன்றாகப் படித்தவன். எனக்குத் தெரிந்து அவன் மலையேறியது இரண்டே தரம். இரண்டு தரமும் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்தான்.

அப்பா இறந்த பிறகு, போடிமெட்டுக்கு மேலே இருக்கும் அந்த நாலு ஏக்கரைப் பதினோரு வருஷமாகப் பார்ப்பவள் முத்துப்பிரியாதான். மழையும் அட்டைக்கடியும் அவளுக்கு, பெருமை அவனுக்கு. இந்தத் தடவை வந்தவன், தோட்டத்தை ரிசார்ட்டுக்காரனுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னான். அவள் கையெழுத்துப் போட்டால் போதும். ஆம்பளைப் பிள்ளை கேட்கிறான், கொடுத்துவிடு என்று சித்தப்பா ராக்கையாவும் ஒரு வாரமாக அவளிடம் ஓதிக்கொண்டிருந்தார். அவரும் ஏலக்காய் விவசாயிதான். அவர் சொன்னால் அந்தக் குடும்பத்தில் அப்பீல் கிடையாது.

பத்திரத்தோடு எல்லோரும் என் ஜீப்பில் மேலே போனோம். சித்தப்பாவும் முத்துப்பிரியாவும் காய் உலர்த்தும் ஸ்டோரில் கட்டஞ்சாயா குடிக்க உட்கார்ந்தார்கள். நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். அந்த அரைமணி நேரத்தில் நம்மாள், வேலைக்கு வந்திருந்த சுருளியம்மாளிடம் அரிவாளை வாங்கி, செல்போனை ஒரு கம்பில் கட்டி நிறுத்தி, விவசாயம் செய்து காட்டினான். செடிகளின் தூரில் தரையோடு படர்ந்து கிடந்ததையெல்லாம் களை என்று அறுத்துத் தள்ளினான். சுருளியம்மாள் பதறிப்போய் ஏதோ சொல்ல வந்திருக்கிறாள். வீடியோ ஓடுகிறது என்று விரலை உதட்டில் வைத்து அவளை அடக்கிவிட்டானாம்.

நாங்கள் வந்து பார்க்கும்போது இருபது செடிகளின் தூர் மொட்டையாக நின்றது.

"எம்புட்டுக் குப்பையா வச்சிருக்க, பாத்தியா?" என்று தங்கச்சியைக் கேட்டான்.

முத்துப்பிரியா குனிந்து, அறுந்து கிடந்த ஒரு சரத்தை எடுத்தாள். பூவும் ஏலப்பிஞ்சுமாக முழ நீளம் இருந்தது. அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணே, ஏலச்செடியில காய் எங்க காய்க்கும்?"

லிங்கேஸ்வரன் அண்ணாந்து, தலைக்கு மேலே ஆடிய இலைகளுக்குள் தேடினான்.

"இப்ப சீசன் இல்லபோல" என்றான்.

சித்தப்பா பத்திரத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஆத்தா முத்துப்பிரியாவுக்கு இங்க சோலி கெடக்கு. வெரசா ஜீப்ப எடுப்பா, இவன ஏர்ப்போர்ட்ல விட்டுட்டு வருவோம்" என்றார்.

அவன் ஃபிளைட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.