நியூட்ரல் எரிந்த மதியம்

என் தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘இருங்க’ என்று சொன்னால்தான் தெரியும். வீட்டு ஒயரிங் வேலை செய்கிறவன். ஃபேன் ஓடவில்லை என்றாலும் அதைத்தான் சொல்வான், பிளக்கில் புகை வருகிறது என்றாலும் அதைத்தான் சொல்வான். அவன் கல்யாணத்தன்று மேடையில் நின்றவன், அலங்கார விளக்கின் ஒயர் ஈரத்தில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, புது வேட்டியோடு கீழே இறங்கி டேப் சுற்றப் போய்விட்டான். “என் முகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி அந்த ஒயரைப் பாத்த மனுஷன்” என்று அவன் பெண்டாட்டி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

வேலைக்குப் போன புதிதில், மெயினை அணைத்தாயிற்று என்று யாரோ சொன்னதை நம்பிக் கை வைத்தான். வலது கையில் இரண்டு விரல்கள் அன்றிலிருந்து மடங்குவதில்லை. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. எந்த ஒயரைத் தொடுவதற்கு முன்பும், கரண்ட் இருக்கிற இடத்தில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்ப்பான். பிறகு தொடப்போகிற ஒயரில் வைப்பான். திரும்பவும் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து, நடுவில் டெஸ்டர் கெட்டுப்போகவில்லையே என்று பார்ப்பான். கூட வேலை செய்கிறவர்கள், “சம்பந்தம் பேசற மாதிரி மூணு தடவை போய் விசாரிக்கறான்” என்று கிண்டல் செய்வார்கள். அவன் சிரித்துக்கொள்வான்.

என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் சுருங்கிவிட்டது. கட்டில் பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் மெஷின் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கரண்டில் ஓடுகிற மெஷின். கரண்ட் போனால் மாட்டிக்கொள்ளச் சின்னதாக ஒரு சிலிண்டர் இருந்தது. அந்தக் குழாய் மூக்கில் இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் அவர் உதடு நீலமாகிவிடும். அதனால் எங்கள் வீட்டில் கரண்ட் என்பது அவர் மூச்சுதான். ஆண்டவன் இப்படி ஒரு ஒயரில் அவரைக் கட்டிவைத்திருக்கிறானே என்று நான் பல நாள் நினைத்ததுண்டு.

அன்று மதியம் சமையலறை பல்பு திடீரென்று வெள்ளை வெளேரென்று எரிந்தது. கூடத்தில் ஃபிரிட்ஜ் முனகியது, அங்கே டியூப்லைட் மங்கிவிட்டது. ஒரே வீட்டில் ஒரு அறையில் பகல், ஒரு அறையில் இருட்டு. என் மகள் ஓடிப்போய் அப்பா அறையில் ஃபேன், விளக்கு, டிவி எல்லாவற்றையும் அணைத்தாள். “எல்லாத்தையும் நிறுத்திட்டேம்மா. இருக்கற கரண்ட் அப்பா மெஷினுக்காவது முழுசாப் போகட்டும்” என்றாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் மெஷின் முன்பைவிடக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. சூடான பிளாஸ்டிக் வாடை வந்தது.

தம்பிக்குப் போன் செய்தேன். நான் சொன்னதைக் கேட்டவன் முதல்முறையாக ‘இருங்க’ என்று சொல்லவில்லை.

“அக்கா, உடனே மெயினை அணை.”

“மெஷின் ஓடிட்டிருக்கேடா.”

“ஓடிட்டே எரிஞ்சிடும். நியூட்ரல், அதான் கரண்ட் திரும்பிப் போற ஒயர், விட்டுப்போயிருக்கு. அப்படி ஆனா வீட்டுக்கு வர்ற மூணு லைன்ல எதுல சாமான் கம்மியா ஓடுதோ, அதுல வோல்டேஜ் ஏறும். அத்தானுக்கு சிலிண்டரை மாட்டு, மெயினை அணை. நான் வரேன்.”

சிலிண்டரைத் திறந்தேன். அதன் முள் சிவப்புக் கோட்டின் மேலேயே நின்றது. போன வாரம் கரண்ட் போனபோது முக்கால்வாசி செலவாகியிருந்தது, நிரப்பி வைக்கவில்லை. மகள் அதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வேறு சிலிண்டர் வாங்கக் கிளம்பினாள். கடை ஊரின் அந்தக் கோடியில்.

மெயினை அணைத்தேன். வீடு அடங்கிப்போனது. குழாயில் காற்று சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. “பேசாதீங்க, மூச்சை மட்டும் பாருங்க” என்று அவரிடம் சொன்னேன். அவர் கையால், ‘எப்பவுமே என்னைப் பேச விட்டதில்லையே’ என்பது போல் காட்டினார்.

தம்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மெயின் போர்டு மூடியைத் திறந்தான். உள்ளே நியூட்ரல் ஒயரின் நுனி கரிக்கட்டையாகியிருந்தது. வெட்டி எடுத்துப் புதிதாக மாட்டினால் முடிந்தது என்று எனக்கே தெரிந்தது. அவன் டெஸ்டரை எடுத்தான்.

“டேய், நான்தான் மெயினை அணைச்சிட்டேனே.”

“தெரியும்க்கா.”

மெயினுக்கு மேல் பக்கம், தெருவிலிருந்து கரண்ட் வருகிற இடத்தில் வைத்தான், எரிந்தது. அந்தக் கரிந்த ஒயரில் வைத்தான். அதிலும் எரிந்தது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். திரும்ப மேலே வைத்துப் பார்த்தான். டெஸ்டர் சரியாகத்தான் இருந்தது.

“அணைச்ச வீட்டு நியூட்ரல்ல கரண்ட் எப்படிடா வரும்?”

“வேற எங்கேயிருந்தோ வருது. மாடில யாரு?”

“தையல்காரர்.”

“அவர் வீட்டு ஒயரிங் யாரு போட்டா? சரி, அதெல்லாம் அப்புறம். அவர் மெயினை அணைக்கச் சொல்லு. சும்மா சுவிட்சை இல்ல, மெயினை. நான் இங்க நிக்கறேன், யாரும் தொட்டுடக் கூடாது.”

அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். முள் சிவப்புக்குள் போய்விட்டது. ‘கடவுளே, என் காலுக்குத் தெம்பு கொடு’ என்று சொல்லிக்கொண்டே மாடி ஏறினேன்.

தையல்காரர் கையில் நாடாவோடு நின்றார். எதிரே ஒருவர் துணிக்காகக் காத்திருந்தார்.

“அண்ணே, உங்க மெயினைக் கொஞ்சம் அணைக்கணும்.”

“உங்க வீட்ல கரண்ட் போனா என் வீட்ல எதுக்கும்மா அணைக்கணும்? எனக்கே அயன் பாக்ஸ் சூடாக மாட்டேங்குது. எப்ப வருமோன்னு ஆன்லயே போட்டு வெச்சிருக்கேன். இவரு வேற இடிச்சபுளி மாதிரி நின்னுட்டிருக்கார்.”

“சட்டை குடுத்தா நான் ஏன் நிக்கறேன்?” என்றார் காத்திருந்தவர்.

எனக்கு வாக்குவாதம் வராது. “அண்ணே, கீழே அவருக்கு மூச்சுக்காத்து தீரப்போகுது. என் தம்பி உங்க கரண்ட்ல கை வைக்க முடியாம நிக்கறான்” என்றேன். தையல்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நேராகப் போய் மெயினை இறக்கினார்.

நான் கீழே வந்தபோது தம்பி மறுபடி மேலே, கீழே, மேலே என்று டெஸ்டரை வைத்துக்கொண்டிருந்தான். அந்த மூன்று இடமும் எனக்கு மூன்று யுகம். அவசரப்படுத்த வாய் வரை வந்ததை விழுங்கினேன். இந்தத் தடவை ஒயரில் எரியவில்லை. கரிந்த நுனியை வெட்டினான், புதிதாகச் சீவினான், புதுத் திருகில் முழு பலத்தோடு இறுக்கினான். உள்ளேயிருந்து அவர் இருமல் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. எட்டிப் பார்த்தால், உதட்டில் நீலம் ஏறத் தொடங்கியிருந்தது.

“மெயினைப் போட்டுட்டேன். இன்னும் மெஷினைத் தொடாதே, வோல்டேஜ் பாக்கறேன்” என்றான். மீட்டரை வைத்து மூன்று லைனையும் பார்த்தான். “இப்பப் போடு.”

மெஷின் ஒரு முறை செருமிவிட்டு ஓடத் தொடங்கியது. குழாயை மாற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டின் நிறம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாடிக்கு ஒயரிங் போட்டவர், அயன் பாக்ஸ் பிளக்குக்கு நியூட்ரலை எங்கள் ஒயரிலிருந்தே எடுத்திருக்கிறார். ஆனில் கிடந்த அந்த அயன் பாக்ஸ் வழியாகத்தான் அணைத்த எங்கள் ஒயருக்குக் கரண்ட் வந்திருக்கிறது. அருகில் இருந்ததை எடுத்துக் காரியத்தை முடித்துவிட்டார். அந்தச் சுமையில்தான் எங்கள் நுனி வருஷக்கணக்காக வெந்து கரிந்தது. தம்பி அந்த இணைப்பைப் பிரித்து, அவருக்குத் தனி ஒயர் இழுத்த பிறகுதான் மாடி மெயினைப் போட விட்டான். தையல்காரரே டார்ச் பிடித்தார். காத்திருந்தவருக்கு அன்று அயன் பண்ணாத சட்டைதான்.

மகள் சிலிண்டரோடு வந்து சேர்ந்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டே அழுதாள். தம்பிக்கு டீ கொடுத்தேன். டம்ளரை வாங்கியவன் கை நடுங்கி, டீ பாதி சட்டையில் சிந்தியது.

கட்டிலிலிருந்து அவர் கேட்டார், “என்ன மாப்ள, கை ஆடுது?”

“பசி அத்தான்” என்றான் தம்பி.

அன்று அவன் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்பினான் என்று மறுநாள் அவன் பெண்டாட்டி சொன்னாள். அது தெரிவதற்கு முன்பே, அந்த மதியம் நான் என் கையையும் அவன் டம்ளரில் வைத்துப் பிடித்துக்கொண்டேன், அவன் குடித்து முடிக்கிற வரை.