வர்வாராவின் கொம்பு வண்டி

வர்வாரா கிஷினாவ் நகரத்துக்கு வந்தது தையல் ஆலையில் வேலை கேட்டு. ஆலையில் வேலை இருந்தது, தங்க இடம் இல்லை. டிராலிபஸ் பணிமனையில் வேலையும் கொடுத்து, விடுதியில் ஒரு கட்டிலும் கொடுத்தார்கள். அந்தக் கட்டிலுக்கு ஆசைப்பட்டுத்தான் பத்தொன்பது வயதில் அவள் ஓட்டுநர் ஆனாள். அது 1975. பணிமனைத் தலைவருக்குப் பெண்களைச் சேர்ப்பதில் ஒரு கணக்கு இருந்தது. ஆண்கள் குடிக்கிறார்கள், பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள், பிள்ளைப்பேறாவது ஒரு தேதியில் முடியும் என்று அவர் வெளிப்படையாகவே சொல்வார்.

டிராலிபஸ்ஸின் கூரையில் இரண்டு நீண்ட தடிகள் உண்டு. அவைதான் மேலே ஓடும் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியை நகர்த்தும். வளைவில் கொஞ்சம் அவசரப்பட்டால் போதும், தடிகள் கழன்று வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும். ஓட்டுநர் இறங்கிப் பின்னால் போய், கயிற்றை இழுத்து, அண்ணாந்து பார்த்துத் திரும்ப மாட்ட வேண்டும். பனிக்காலத்தில் கயிறு இரும்பாகிவிடும், விரல் கட்டையாகிவிடும். ஊரார் அந்தத் தடிகளைக் கொம்பு என்பார்கள். மனைவி இன்னொருவனைத் தேடிப் போனாலும் புருஷனுக்குக் கொம்பு முளைத்துவிட்டது என்றுதான் அதே ஊரார் சொல்வார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவன் அவள் கணவன் ஒனிசிம். சுவர் பூசுகிறவன், கை சுத்தமானவன், மனசுதான் கொஞ்சம் மெல்லிசு. ஒயின் கடையில் அவனைப் பார்த்ததும் கூட்டாளிகள், "உன் பொண்டாட்டி இன்னைக்கு எத்தனை தடவடா கொம்பு மாட்டுனா?" என்பார்கள். அங்கே அவர்களோடு சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்து சூப்பில் உப்பு இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

அவள் ஓட்டியது நகர மையத்தின் பெரிய சாலையில். ஆட்சி மாறியபோது சாலையின் பெயர் மாறியது, நிறுத்தங்களின் பெயரும் மாறியது. பழைய பெயரைச் சொன்னால் பாதி வண்டி கத்தும், புதிய பெயரைச் சொன்னால் மீதி வண்டி கத்தும். வர்வாரா பெயர்களையே விட்டுவிட்டாள். ஒலிபெருக்கியில் அவள் அறிவிப்பு இப்படி இருக்கும்: "அடுத்து செருப்புக்கடை. இப்ப பேங்க் ஆயிடுச்சு. செருப்பு வாங்கறவங்க இறங்க வேணாம்."

தொண்ணூறுகளில் மின்சாரமே வருவதும் போவதுமாக இருந்தது. நடுச்சாலையில் எருமை படுத்த மாதிரி வண்டி நின்றுவிடும். பயணிகள் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்து, தோலைத் தரையில் துப்பி, அரசாங்கத்தையும் அப்படியே துப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்திலேயே மினிபஸ்கள் வந்து கதவைத் திறந்து ஆளை அள்ளிக்கொண்டு போகும். அந்த வருஷங்களில்தான் ஒனிசிம் கட்டட வேலைக்கு மாஸ்கோ போனான். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு கடிதம் நின்றது, செய்தி வந்தது. அங்கே ஒரு சமையல்காரியோடு குடித்தனம் வைத்திருக்கிறானாம். வர்வாராவுக்கு முன்பே அவள் வண்டியின் பயணிகளுக்குத் தெரிந்திருந்தது. அதன்பின் ஒரு வாரம் அவள் எந்த நிறுத்தத்தையும் அறிவிக்கவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

நாலு வருஷம் கழித்து, பிப்ரவரி மாதத்தில், ரயில் நிலைய நிறுத்தத்தில் ஒனிசிம் ஒரு பெட்டியோடு ஏறினான். கடைசி இருக்கையில் உட்கார்ந்தான். நடத்துனர் லிதியாவுக்கு அவனைத் தெரியும். அவள் நேரே ஓட்டுநர் அறைக்குப் போய்க் குனிந்தாள்.

"அக்கா, பின்னால அவர் வந்திருக்காரு. டிக்கெட் கேக்கணுமா, இல்ல குடும்ப ஆளுன்னு விட்டுடவா?"

"இப்போதைக்குப் பயணிதான். கேளு," என்றாள் வர்வாரா.

அவன் டிக்கெட் எடுத்தான். கடைசி நிறுத்தத்துக்குப் போய்த் திரும்பியதும் இன்னொன்று எடுத்தான். அப்படி மூன்று நடை. நாலாவது நடையில் ஒரு வளைவில் கொம்பு கழன்றது. வர்வாரா கையுறையை மாட்டிக்கொண்டு இறங்குவதற்குள் அவன் பின்னால் போய்க் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வாகாகவே வரவில்லை. இடது கொம்பை வலது கம்பியில் மாட்டப் பார்த்தான். அவள் கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்துவிட்டு, கடைசியில் கயிற்றைப் பிடுங்கினாள். "சுவரு மட்டும் பூசு நீ," என்றாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தான். அவள் அதை அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வெளியே போ என்றும் சொல்லவில்லை.

அடுத்து வந்தவர் பிரிசகாரு. நகர மையத்தை அழகுபடுத்த ஒரு குழு போட்டிருந்தார்கள், அதன் தலைவர். 2007இல் வண்ணப் படங்களோடு பணிமனைக்கு வந்து, மின்கம்பிகள் வானத்தைக் கிழிக்கின்றன, பெரிய சாலையிலிருந்து டிராலிபஸ்ஸை எடுத்துவிட வேண்டும் என்றார். படத்தில் கம்பி இல்லை, வண்டி இல்லை, எல்லாரும் வெள்ளைச் சட்டையில் நடந்தார்கள்.

"ஐயா, இந்தப் படத்துல கிழடுக யாரும் காணோமே. முன்னாடியே செத்துட்டாங்களா?" என்று வர்வாரா கேட்டாள்.

அக்டோபர் ஒயின் திருவிழாவின் இரண்டு நாளும் டிராலிபஸ்களைக் கீழ்ச்சாலைக்குத் திருப்பிப் பார்ப்பது என்று முடிவானது. நகரம் பிழைத்துக்கொண்டால் கம்பியை அறுத்துவிடலாம். முதல் நாள் கீழ்ச்சாலையில் மினிபஸ்களுக்கு நடுவே வண்டிகள் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டன. மேலே பெரிய சாலையில், ஊறுகாய்க்கு முட்டைகோஸ் மூட்டை வாங்கிய கிழவர்கள் பழைய நிறுத்தத்தை விட்டு நகரமாட்டோம் என்று நின்றார்கள்.

இரண்டாம் நாள் வர்வாரா கீழ்ச்சாலை பிரியும் சந்திப்புக்கு வந்தாள். தலைக்கு மேலே கம்பி இரண்டாகப் பிரியும் இடம் அது. மிதியை அழுத்தியபடி கடந்தால் வண்டி கீழ்ச்சாலைக்குத் திரும்பும், காலைத் தூக்கினால் நேரே போகும். அவள் காலைத் தூக்கினாள்.

"அக்கா, திருப்பத்த விட்டுட்ட," என்றாள் லிதியா.

"பாத்தேன்."

தடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்த போலீஸ்காரன் நிறுத்தச் சொல்லிக் கோலைத் தூக்கினான். வர்வாரா கண்ணாடியை இறக்கி, "மேடைக்குத் தம்பி," என்றாள், தாமதமாகிவிட்டதுபோல. அவன் கயிற்றை அவிழ்த்தான். பின்னால் வந்த ஐந்து ஓட்டுநர்களும் அவளைப் பார்த்துக் காலைத் தூக்கினார்கள்.

சதுக்கத்தில் பிரிசகாரு மைக் முன்னால் நின்று சாலையின் அமைதியைப் பாராட்டிக்கொண்டிருந்தார். ஆறு டிராலிபஸ்கள் வரிசையாக வந்து நின்றன. கூட்டம் இதையும் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டு கைதட்டியது. முட்டைகோஸ் மூட்டைகள் எல்லாம் ஏறின. பிரிசகாரு மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார்.

"பின்னால அஞ்சு நிக்குது. எல்லாம் ஒரே கம்பி. ஒண்ண ஒண்ணு தாண்டவும் முடியாது. முன்னால போனாத்தான் உண்டு. நீங்கதான் ஜனங்கள ஒதுங்கச் சொல்லணும், உங்க கையிலதான மைக் இருக்கு."

வேறு வழியில்லாமல் அவர் மேடையேறி, டிராலிபஸ்ஸுக்கு வழிவிடுங்கள் என்று நகரத்துக்கே அறிவித்தார். ஒனிசிம் கூட்டத்தில் ஒரு பீப்பாயருகே நின்றிருந்தான். முன்னே பின்னே தெரியாதவர்களிடமெல்லாம், "முதல் வண்டி என் வீட்டுக்காரி," என்று சொல்லிக்கொண்டிருந்தானாம்.

விசாரணை நடந்தது. பழக்க தோஷத்தில் கால் தூக்கிவிட்டது என்று வர்வாரா எழுதிக்கொடுத்தாள். ஒரு மாதம் வண்டி கழுவும் வேலை கிடைத்தது. பிரிசகாருவைப் பூங்காக்களுக்கு மாற்றினார்கள். அவர் அங்கே போய் பெஞ்சுகளுக்குச் சாயம் அடித்தார். கம்பியை அறுப்பதைப் பற்றி அதன்பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

2013இல் ஓய்வு பெற்றாள். இப்போதைய வண்டிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் கொம்பு தானாக ஏறி இறங்குகிறது. சில வண்டிகள் பாட்டரியில் கம்பியே இல்லாத புறநகருக்கும் போகின்றன. பழைய கயிற்றை நினைத்து அவள் கண்கலங்குவாள் என்று எதிர்பார்த்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். அது ஒழிந்ததற்குத் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

வெள்ளிதோறும் பாலாடைக்கட்டியும் முட்டையும் வாங்கச் சந்தைக்குப் போகிறாள். ஓட்டுநருக்கு நேர் பின்னாலிருக்கும் இருக்கையில்தான் உட்காருவாள். "பிரேக்க மெதுவாப் பிடி, இங்க முட்டை இருக்கு," என்பாள். ஓட்டுநரோடு பேசக்கூடாது என்ற பலகையை லிதியாவின் மகள் ஒருநாள் சுட்டிக்காட்டினாள். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவளே அவள்தான்.

"நான் வண்டிகிட்ட பேசறேன். நீ ரோட்டப் பாரு," என்றாள் வர்வாரா.